பீசாக் கோபுரமும் அதனை அளந்தோரும்: கட்டட அசைவை அளக்கும் முறைகளின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

கட்டடம் ஓர் அசையாப் பொருள் என்பது பொதுவழக்கு. காணியோடு சேர்த்து அதனை அசையாச் சொத்து என்றே சட்டமும் வழங்குகின்றது. ஆயின், அளவையாளன் நோக்கில் முற்றாக அசையாத கட்டடம் உலகில் எதுவுமில்லை. வெயில் பட்ட சுவர் விரிகின்றது. நிழலிலுள்ள சுவர் அவ்வாறு விரிவதில்லை. ஆதலின் உயர்ந்த கட்டடமொன்றின் உச்சி நாள்தோறும் சிறிதே வளைந்து மீள்கின்றது. காற்று அதனை ஆட்டுகின்றது. அத்திவாரத்தின் கீழுள்ள மண் பாரத்தினால் நெருங்கித் தாழ்கின்றது. மழைக்காலத்தில் தரைக்கீழ் நீர் ஏறும்போது கட்டடத்திற்கு ஒரு நிலையும், வரட்சிக் காலத்தில் அது இறங்கும்போது வேறொரு நிலையும் உண்டு. இவ்வசைவுகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை, போய் மீள்பவை. ஒரு சில மீளாதவை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வீதம் ஒரே திசையிற் சேர்ந்து சென்று, முடிவிற் கட்டடத்தையே வீழ்த்துபவை. இவ்விருவகையினையும் பிரித்தறியக் கண் போதாது; அளவை வேண்டும்.

அளவையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நிலத்தின் பரப்பை அறிய ஒருமுறை அளந்தாற் போதும். அசைவை அறிவதற்கோ குறைந்தது இரு அளவீடுகள் வேண்டும். அவ்விரண்டும் ஒரே புள்ளிகளைப் பற்றியனவாய், ஒப்பிடத்தக்க முறையிற் பெறப்பட்டனவாய் இருத்தல் வேண்டும். இரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் அசையாது நின்ற ஏதோவொன்றைச் சான்றாகக் கொள்ளுதலும் வேண்டும். இம்மூன்று நிபந்தனைகளையும் நிறைவு செய்ய மனிதர் எவ்வாறு கற்றனர் என்பதே கட்டட அசைவு அளவையின் வரலாறு எனலாம். அவ்வரலாற்றை ஒரே கட்டடத்திற் காண விரும்புவோர் இத்தாலியின் பீசா நகரிலுள்ள சாய்ந்த கோபுரத்தை நோக்குதல் தகும். அக்கோபுரத்தைச் சாய்த்தது மண். மேலும் சாயச் செய்தவர்களுள் அதனைப் பேண விரும்பிய மனிதரும் அடங்குவர். இறுதியில் அதனைக் காப்பதற்கு வழிகாட்டியது, பல பத்தாண்டுகளாகப் பொறுமையுடன் எழுதிச் சேர்க்கப்பட்ட அளவீட்டுத் தொகுதி. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லிலே பதிந்த குறிப்பு

பீசாவின் பேராலயத்திற்குரிய மணிக்கோபுரத்தைக் கட்டும் வேலை 1173 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆரம்பமாயிற்று. அத்திவாரத்தின் விட்டம் 19.6 மீற்றர், கோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 58 மீற்றர், நிறை ஏறக்குறைய 14,500 தொன். இப்பெரும் பாரத்தைத் தாங்க வேண்டிய நிலமோ மிக மென்மையானது. மேலே சுமார் 10 மீற்றர் ஆழத்திற்குச் சீரற்ற வண்டலும் மணலும் களியும் கலந்த படை உள்ளது. அதன்கீழ், சுமார் 40 மீற்றர் ஆழம் வரை, பெரும்பாலும் கடலடியிற் படிந்த மென்களி. அதற்கும் கீழே இறுகிய மணல்.

ஏறக்குறைய 1178 இல், நான்காம் மாடியளவில் வேலை நின்றுபோயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1272 அளவில் மீண்டும் ஆரம்பித்து, 1278 அளவில் ஏழாம் மாடியின் மேல்விளிம்பு வரை கட்டியபின் மறுபடியும் நிறுத்தப்பட்டது. உச்சியிலுள்ள மணிக்கூடம் 1360 ஆம் ஆண்டளவிலேயே தொடங்கப்பெற்று, சுமார் பத்து ஆண்டுகளில் முடிவுற்றது. இவ்விரு நீண்ட இடைவெளிகளும் கோபுரத்திற்கு நல்வாய்ப்பாயின. பாரத்தினால் நெருக்குண்ட களி தன்னிடமிருந்த நீரை மெல்ல வெளியேற்றி வலுப்பெறுவதற்கு அவகாசம் கிடைத்தது. இடையீடின்றிக் கட்டியிருப்பின், கட்டி முடிக்கு முன்னரே கோபுரம் வீழ்ந்திருக்கும் என்பது இன்றைய மண்பொறியியலாளர் கருத்து.

அக்காலத்துச் சிற்பிகள் சாய்வை எண்களாக எழுதி வைத்தாரல்லர். எனினும் அவர்களை அறியாமலே ஒரு குறிப்பைக் கல்லில் எழுதி விட்டனர். ஒவ்வொரு மாடியையும் ஆரம்பிக்கும்போது கீழுள்ள பகுதி சாய்ந்திருத்தலைக் கண்ட அவர்கள், புதிய வரிசைகளைக் கிடையாக்கும் பொருட்டு ஒருபுறத்துக் கற்களைத் தடிப்பாகவும் மறுபுறத்துக் கற்களை மெல்லியனவாகவும் செதுக்கி வைத்தனர். இதனாற் கோபுரத்தின் அச்சு நேர்கோடாக அமையாது, சற்றே வளைந்த கோடாக அமைந்தது. மணிக்கூடத்திற்கு ஏறும் படிகளை நோக்குவோர்க்கு இத்திருத்தம் தெளிவாகப் புலப்படும்: தென்புறத்தில் ஆறு படிகள், வடபுறத்தில் நான்கே படிகள்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வாளர் ஒவ்வொரு கல்வரிசையின் தடிப்பிலும் காணப்பட்ட வேறுபாட்டை அளந்து, சிற்பிகள் திருத்த முயன்ற சாய்வு எவ்வளவு எனக் கணித்தனர். முதலிற் கோபுரம் வடக்கு நோக்கியே சிறிது சாய்ந்தது என்பதும், பின்னரே தெற்கு நோக்கித் திரும்பியது என்பதும் இதனாற் புலனாயின. 1278 அளவில் தெற்குச் சாய்வு சுமார் 0.6 பாகை, மணிக்கூடம் தொடங்கிய காலத்திற் சுமார் 1.6 பாகை. கொத்தனின் மட்டமும் தூக்குக்குண்டும் விட்டுச்சென்ற சுவடு, அறுநூறு ஆண்டுகள் கழிந்தபின் ஓர் அளவீட்டுப் பதிவாக வாசிக்கப்பட்டமை வரலாற்று மாணவர் சிந்தித்தற்குரியது.

தூக்குக்குண்டின் காலம்

சாய்வை அளக்கும் நோக்குடன் அளந்தவர்கள் பிற்காலத்தவர். 1817 இல் கிறெசி, ரெயிலர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இருவர் தூக்குக்குண்டின் உதவியாற் கோபுரத்தை அளந்தனர். சாய்வு அப்பொழுது ஏறக்குறைய 5 பாகையாயிருந்தது. பின்னர் 1859 இல் பிரான்சு நாட்டவரான உரோஓல் த ஃபிளெரி என்பார் அளந்தபோது சாய்வு குறிப்பிடத்தக்க அளவு அதிகரித்திருந்தது.

இவ்விரு அளவீடுகளுக்கும் இடையே நிகழ்ந்தது யாது? கோபுரத்தின் தூண்பீடங்கள் மண்ணுள் அமிழ்ந்து மறைந்திருந்தமையால், அவற்றை மக்கள் காணுமாறு செய்ய விரும்பிய அலெசான்றோ தெல்லா கெரார்தெஸ்கா என்னும் கட்டடக் கலைஞர், 1838 இல் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு பள்ளமான நடைபாதையை அகழ்வித்தார். தென்புறத்தில் அவ்வகழ்வு தரைக்கீழ் நீர்மட்டத்திற்கும் கீழே சென்றது, நீர் பெருக்கெடுத்தது. இதன் விளைவாகச் சாய்வு அரைப் பாகை வரை கூடியிருக்கலாம் எனக் கருதச் சான்றுகள் உள்ளன. ஏழு நூற்றாண்டுகளாக நின்ற கோபுரம், அதன் அழகை முழுமையாகக் காட்ட முயன்ற ஒருவரின் செயலால் பேராபத்தை அணுகிற்று.

ஈண்டு அளவை முறையின் குறைபாடு ஒன்றையும் நோக்குதல் வேண்டும். தூக்குக்குண்டு எளிய கருவி. புவியீர்ப்பையே சான்றாகக் கொள்வதால் நம்பத்தக்கதுமாகும். ஆயின் திறந்த வெளியில் நீண்ட நூல் காற்றில் ஆடும். அளப்பவர் எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பிற்கு அளந்தார் என்பது அடுத்தவர்க்குத் தெரியாவிடின் இரு அளவீடுகளையும் செம்மையாக ஒப்பிட இயலாது. நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளியிற் பெற்ற இரு எண்கள், மாற்றம் நிகழ்ந்தது என்பதைக் கூறுமேயன்றி, அது ஒரே நாளில் நிகழ்ந்ததா, ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகின்றதா என்பதைக் கூறமாட்டா.

தியோடலைற்றும் மட்டக்கருவியும்

இக்குறையைத் தீர்க்கும் பணி 1911 இல் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு முதல் தியோடலைற்று என்னும் கோணமளக்கும் தொலைநோக்கிக் கருவியைக் கொண்டு கோபுரம் முறையாக அளக்கப்பட்டது. சதுக்கத்திலுள்ள நிலையான இடத்திற் கருவியை நிறுத்தி, ஏழாம் மாடி விளிம்பின் தென்கோடியையும் முதலாம் மாடி விளிம்பின் தென்கோடியையும் நோக்கி, அவற்றிற்கிடையேயுள்ள கிடைத்தூரத்தைக் கணிப்பதே முறை. கோபுரத்தைத் தொடாமலே, காற்றிலாடும் நூலின்றியே, அதே புள்ளிகளை ஆண்டுதோறும் அளத்தல் இதனாற் கைகூடியது. மேல் விளிம்பு கீழ் விளிம்பிற்கு அப்பால் நீட்டிக்கொண்டிருந்த தூரம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய 4.5 மீற்றராகும்.

1928 இல் இரண்டாவது முறை சேர்ந்தது. கோபுரத்தின் பீடத்தைச் சுற்றி நான்கு மட்டப் புள்ளிகள் பதிக்கப்பட்டன. அருகிலுள்ள திருமுழுக்கு மண்டபத்தில் அமைந்த ஒரு குறியை ஆதாரமாகக் கொண்டு, மட்டக்கருவியாலும் அளவுகோலாலும் அப்புள்ளிகளின் உயரங்கள் அளக்கப்பட்டன. தியோடலைற்று கோபுரத்தின் உடலைப் பற்றிக் கூறுவது. மட்டமளத்தல் அதன் பாதத்தைப் பற்றிக் கூறுவது. எந்தப் பக்கம் தாழ்கின்றது, எந்தப் பக்கம் உயர்கின்றது என்ற வினாவிற்கு மட்டமளத்தலே நேரான விடை தரும். 1965, 1966 ஆம் ஆண்டுகளிற் பீடத்தின் புள்ளிகள் பதினைந்தாகப் பெருக்கப்பட்டதோடு, சதுக்கத்தின் பல இடங்களிலும் புள்ளிகள் பதிக்கப்பட்டன. ஆதாரக் குறியே அசைந்தால் அளவீடு முழுவதும் பொய்த்துப் போகுமாதலின், சுற்றுப்புறத்தையும் சேர்த்து அளத்தல் இன்றியமையாததாயிற்று.

1934 இல் கோபுரத்தின் உள்ளேயே இரு கருவிகள் நிறுவப்பட்டன. ஒன்று, ஆறாம் மாடியிலிருந்து தொங்கும் சுமார் 30 மீற்றர் நீளமான ஊசல். மற்றையது, முதலாம் மாடியளவிலுள்ள கருவி அறையில் வைக்கப்பட்ட, 4.5 மீற்றர் நீளமுள்ள குமிழி மட்டம். இவ்விரண்டையும் வடிவமைத்தோர் கிரோமெத்தி, பொனெக்கி என்னும் பொறியியலாளர்கள். 1817 இற் காற்றிலாடிய அதே தூக்குக்குண்டு, இப்பொழுது கோபுரத்தின் உட்குழிவினுள்ளே பாதுகாப்பாகத் தொங்கலாயிற்று.

இக்கருவிகளின் நுண்மையை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பாகையில் 60 கலைகளும் ஒரு கலையில் 60 விகலைகளும் உள. எனவே ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கு. கோபுரம் ஒரு விகலை சாயுமாயின் 30 மீற்றர் நீள ஊசலின் முனை ஒரு மில்லிமீற்றரின் ஏழில் ஒரு பங்கே விலகும், 4.5 மீற்றர் நீள மட்டத்தின் ஒரு முனை மற்றையதிலும் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்களவே தாழும். கருவி இரண்டாயிருத்தலுக்கும் காரணம் உண்டு. மட்டம் கோபுரத்தின் கீழ்ப்பகுதியின் சாய்வை அளக்கின்றது. ஊசலோ உடலின் பெரும்பகுதியினூடாகத் தொங்குகின்றது. இரண்டும் ஒரே விடையைத் தரின் கோபுரம் ஒரு திண்பொருளாகச் சாய்கின்றது எனவும், வேறுபட்ட விடைகளைத் தரின் வெயிலினாலோ பிறிதினாலோ கோபுரமே வளைகின்றது எனவும் அறியலாம்.

குறிப்பேடு கூறிய சாட்சி

கருவிகள் நிறுவப்பட்ட அதே 1934 ஆம் ஆண்டில், முசோலினியின் ஆட்சியின்கீழ், கோபுரத்தை உறுதிப்படுத்தும் வேலையொன்று நடைபெற்றது. அத்திவாரத்தில் 361 துளைகள் இடப்பட்டு, அவற்றினூடாகச் சுமார் 80 தொன் சீமெந்துக் குழம்பு செலுத்தப்பட்டது. அத்திவாரத்தை வலுவாக்குதலும் நீர் புகாது தடுத்தலும் நோக்கமாயிருந்தன. நோக்கம் நன்று. ஆயின் கோபுரம் திடீரெனச் சுமார் 31 விகலை தெற்கே சாய்ந்ததை அளவீடுகள் காட்டின. அன்று அளவீடு இல்லாதிருப்பின், அவ்வேலை வெற்றியெனவே வரலாற்றில் இடம்பெற்றிருக்கும்.

அதன் பின்னரும் குறிப்பேடு தன் சாட்சியத்தைத் தொடர்ந்து வழங்கிற்று. 1966 இலும் 1985 இலும் ஆய்வுக்காகக் கட்டடத்திலும் மண்ணிலும் துளையிடப்பட்டபோது சாய்வுக் கோட்டிற் சிறு பாய்ச்சல்கள் காணப்பட்டன. 1970 களின் முற்பகுதியில் ஆழத்திலுள்ள மணற்படையிலிருந்து கிணறுகள் மூலம் மிகுதியாக நீர் இறைக்கப்பட்டபோது, சுற்றுப்புற நிலம் தாழ்ந்தது; கோபுரத்தின் சாய்வும் சுமார் 40 விகலை அதிகரித்தது. இறைத்தல் குறைக்கப்பட்டதும் சாய்வின் வேகமும் தணிந்தது. நோயாளியின் உடல்வெப்பப் பதிவைப் போன்று, தன்மீது செய்யப்பட்ட ஒவ்வொரு செயலுக்கும் கோபுரம் அளித்த மறுமொழி அவ்வேடுகளிற் பதிவாயிற்று.

இவற்றையெல்லாம் நீக்கிப் பார்த்தாலும், அடிப்படையான ஓர் அசைவு எஞ்சியது. 1990 அளவில் அது ஆண்டிற்குச் சுமார் 6 விகலை. அதாவது உச்சியில் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர். 1930 களில் இருந்ததன் ஏறக்குறைய இரு மடங்கு அது. ஒரு நாணயத்தின் தடிப்பளவேயான இவ்வெண் கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அது ஆண்டுதோறும் ஒரே திசையிற் சென்றது, வேகமும் கூடிவந்தது.

எண்களை மீண்டும் படித்தல்

1989 மார்ச் 17 ஆம் நாள் வட இத்தாலியின் பவீயா நகரிலிருந்த பழைய நகரக்கோபுரம் திடீரென இடிந்து வீழ்ந்து, நால்வர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சி இத்தாலியை அதிர வைத்தது. 1990 சனவரியிற் பீசாக் கோபுரம் மக்களுக்கு மூடப்பட்டது. அவ்வாண்டே, பேராசிரியர் மிக்கேலே யமியோல்கோவ்ஸ்கியின் தலைமையிற் பல்துறை அறிஞர் அடங்கிய ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த யோன் பேர்லண்ட் அதன் உறுப்பினருள் ஒருவர்.

அதுவரை நிலவிய கருத்து யாதெனில், ஆழத்திலுள்ள மென்களி தென்புறத்தில் தொடர்ந்து அமிழ்வதே சாய்விற்குக் காரணம் என்பதாகும். புதிய ஆணைக்குழுவினர் புதிய கருவிகளை நிறுவியதோடு நில்லாது, பழைய ஏடுகளையும் மீண்டும் படித்தனர். அங்கேதான் எதிர்பாராத உண்மையொன்று வெளிப்பட்டது. 1911 முதலான தியோடலைற்று அளவீடுகளை நோக்கின், முதலாம் மாடியின் விளிம்பு கிடைத்திசையில் அசையவேயில்லை; 1934 ஆம் ஆண்டும் 1970 களின் முற்பகுதியும் மாத்திரமே விதிவிலக்குகள். 1928 முதலான மட்ட அளவீடுகளை நோக்கின், பீடத்தின் நடுப்பகுதி சுற்றியுள்ள நிலத்தோடு ஒப்பிடுகையில் தாழவும் இல்லை, உயரவும் இல்லை.

இவ்விரு செய்திகளும் தனித்தனியே பயனற்றவை போலத் தோன்றும். ஒன்றுசேர்த்தால் அவை வடிவகணிதத்தின் ஒரு தேற்றம் போன்று முடிவைத் தருகின்றன. முதலாம் மாடி விளிம்பின் மட்டத்திலே, அத்திவார மையத்திற்கு நேர்மேலே உள்ள ஒரு புள்ளியைச் சுற்றியே கோபுரம் சுழல்கின்றது. அவ்வாறாயின் அத்திவாரத்தின் தென்விளிம்பு தாழும் அதே வேளையில் வடவிளிம்பு உயர்ந்துகொண்டிருத்தல் வேண்டும்! கோபுரம் ஒருபுறம் அமிழ்கின்றது எனப் பலரும் எண்ணியிருக்க, அது ஊஞ்சற்பலகை போல ஒருபுறம் தாழ மறுபுறம் எழுந்துகொண்டிருந்தது. சாய்வின் தொடர்ச்சிக்கு இருப்பிடம் ஆழத்துக் களி அன்று, மேற்படையே என்பதும் இதனாற் புலனாயிற்று. மாரிக்காலப் பெருமழையில் மேற்படையின் நீர்மட்டம் ஏறியிறங்குதலே ஆண்டுதோறும் கோபுரத்தைச் சிறிது சிறிதாகத் தள்ளியது எனப் பின்னர் அறியப்பட்டது.

இக்கண்டுபிடிப்பிலிருந்து செயலும் பிறந்தது. வடவிளிம்பு எழுகின்றதாயின் அதன்மீது பாரத்தை வைத்தல் கோபுரத்தை நிலைப்படுத்தும். அமிழும் கோபுரத்தின் மேல் மேலும் பாரம் ஏற்றுதல் முன்னைய கருத்தின்படி அபாயமானது. புதிய விளக்கத்தின்படி அதுவே மருந்து. 1993 யூலை முதல் வடபுறத்தில், பின்னர் அகற்றக்கூடிய கொங்கிறீற்று வளையமொன்றின் மீது, 600 தொன் ஈயக்கட்டிகள் படிப்படியாக அடுக்கப்பட்டன. கோபுரம் மெல்ல வடக்கு நோக்கித் திரும்பிற்று. 1994 நடுப்பகுதியளவில் சுமார் 50 விகலை மீண்டிருந்தது. அளவிற் சிறிதாயினும், கோபுரத்தின் வரலாற்றில் மனிதர் வேண்டுமென்றே செய்த செயலொன்று அதனைச் சரியான திசையில் அசைத்தது இதுவே முதல் முறை.

1995 செப்டெம்பர்

எனினும் அளவை அறிந்தோரும் தவறுவர். ஈயக்கட்டிகள் கண்ணுக்கு அழகற்றவை என்பதால், அவற்றிற்குப் பதிலாக ஆழத்து மணற்படையில் ஊன்றிய பத்து உருக்கு நங்கூரங்களாற் கோபுரத்தை இழுத்துப் பிடிக்க ஆணைக்குழு திட்டமிட்டது. இதற்காக நடைபாதையின் அடியில் தரைக்கீழ் நீர்மட்டத்திற்குக் கீழே அகழ வேண்டியிருந்தது. நீர் புகாதிருக்கத் திரவ நைதரசனைக் கொண்டு மண் உறையச் செய்யப்பட்டது. 1995 செப்டெம்பரில், தென்புறத்தை அணுகிய இடங்களில் உறைவித்தல் ஆரம்பமானதும், கோபுரம் தெற்கே சாயத் தொடங்கிற்று. முன்பு ஓராண்டிற் சாய்ந்த அளவை இப்போது ஒரு சில நாட்களில் அது கடக்கும் நிலை ஏற்பட்டது.

1838 இலும் இதே போன்ற தவறே நிகழ்ந்தது: கோபுரத்தின் அடியிலே, நீர்மட்டத்திற்குக் கீழே அகழ்தல். ஆயின் முடிவு வேறு. 1838 இல் தவற்றைக் காட்டக் கருவி இருக்கவில்லை. 1995 இற் கருவிகள் உடனே எச்சரித்தன; வேலை நிறுத்தப்பட்டது; ஈயத்தின் பாரம் 900 தொன்னாக உயர்த்தப்பட்டது; அசைவு அடங்கியது. அளவை மனிதனைத் தவறாதவனாக ஆக்குவதில்லை. தவற்றை அது காலந்தாழ்த்தாது காட்டுகின்றது. திருத்துவதற்கு நேரம் எஞ்சியிருக்கும்போதே அறிந்துகொள்ளுதல் என்பதே கட்டட அசைவு அளவையின் முழுப்பயனும் எனலாம்.

மண்ணெடுத்துக் காத்தமை

நிலையான தீர்வாக இறுதியில் மேற்கொள்ளப்பட்டது, 1962 இலேயே தெராசினா என்னும் இத்தாலியப் பொறியியலாளர் முன்மொழிந்த முறையாகும். கோபுரத்தைத் தொடாது, வடபுறத்து அத்திவாரத்தின் கீழிருந்து சாய்வான துளைகள் மூலம் சிறிது சிறிதாக மண்ணை எடுத்தல். மேலுள்ள பாரத்தினால் அவ்வெற்றிடம் மூடிக்கொள்ள, வடபுறம் தாழ்ந்து கோபுரம் நிமிர்தல். கேட்பதற்கு எளிது. எனினும் ஏற்கெனவே விழும் நிலையை அணுகிய கோபுரத்தின் கீழே மண்ணைத் தோண்டுதல் என்பது எவரையும் அஞ்ச வைக்கும் செயல். ஆதலின் முதலிற் கணிப்பு மாதிரிகளும், பின்னர் சதுக்கத்திலேயே அமைக்கப்பட்ட 7 மீற்றர் விட்டமுள்ள பரிசோதனை அத்திவாரமும் ஆராயப்பட்டன. முற்காப்பாகக் கோபுரம் உருக்கு வடங்களாற் பிணைக்கப்பட்டது.

1999 பெப்ரவரியிற் பன்னிரண்டு துளைகளின் ஊடாக முதற் பரிசோதனை ஆரம்பமாயிற்று. யூன் மாதத்தில் நிறுத்தியபோது கோபுரம் சுமார் 90 விகலை வடக்கே திரும்பியிருந்தது. இதனால் ஊக்கம்பெற்று, 2000 பெப்ரவரி முதல் 41 துளைகளின் ஊடாக முழு வேலையும் நடைபெற்றது. நாளொன்றுக்கு இருமுறை அளவீடுகள் பொறுப்பாளர்க்குத் தொலைநகல் மூலம் அனுப்பப்பட்டன. அவற்றைப் படித்துப் பார்த்த பின்னரே, அடுத்து எத்துளையிலிருந்து எவ்வளவு மண் எடுக்கலாம் என்ற கட்டளை பிறந்தது. அளவீடு இங்கே வேலையின் பின் எழுதும் அறிக்கையாக இராது, வேலையை நடத்தும் கடிவாளமாக விளங்கியமை குறிப்பிடத்தக்கது.

2001 இல் வேலை முடிவுற்றபோது எடுக்கப்பட்ட மண் மொத்தம் 38 கனமீற்றர். கோபுரம் சுமார் 1,800 விகலை, அதாவது அரைப் பாகை, நிமிர்ந்திருந்தது. சாய்வின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இது. 1838 இன் அகழ்விற்கு முன்னிருந்த நிலைக்கு ஏறத்தாழக் கோபுரம் மீண்டது. ஈயக்கட்டிகளும் அகற்றப்பட்டன. 2001 டிசம்பரில் மக்கள் மீண்டும் அதன் படிகளில் ஏறினர். பார்ப்போர் கண்ணுக்கு அது இன்றும் சாய்ந்த கோபுரமே. அரைப் பாகை வேறுபாட்டைக் கண் அறியாது, கருவியே அறியும்.

முடிவுரை

இன்று கட்டட அசைவை அளக்கும் கருவிகள் பெருகிவிட்டன. தானாகவே இலக்குகளை நோக்கிக் கோணமும் தூரமும் அளக்கும் கருவிகள், ஒரு சுவரின் இலட்சக்கணக்கான புள்ளிகளைச் சில நிமிடங்களிற் பதிவு செய்யும் லேசர் வருடிகள், விண்ணிலிருந்து ராடர் அலைகளால் ஒரு நகரம் முழுவதன் தாழ்வையும் மில்லிமீற்றர் அளவிற் காட்டும் செய்மதிகள் என அவை பலவாகும். 1911 ஆம் ஆண்டின் அளவையாளன் பல நாட்கள் முயன்று பெற்றதைவிட மிகுதியான எண்களை இவை ஒரு மணித்தியாலத்திற் குவிக்கின்றன.

எனினும் பீசாவின் வரலாறு நமக்கு உணர்த்துவது, எண்களின் மிகுதியினும் தொடர்ச்சியே பெரிது என்பதாகும். 1993 இல் ஈயக்கட்டிகளை எங்கு வைப்பது என்ற வினாவிற்கு விடையளித்தவை அவ்வாண்டின் புதிய கருவிகள் மாத்திரமல்ல. 1911 இலும் 1928 இலும் சதுக்கத்தில் நின்று அளந்தவர்கள் எழுதி வைத்த எண்களே அவ்விடைக்கு அடிப்படையாயின. அவர்கள் அவ்வெண்கள் எதற்குப் பயன்படும் என அறிந்திருக்க முடியாது. சுழற்சி மையம் என்ற எண்ணமே அவர்களிடம் இருந்திராது. அதே புள்ளியை, அதே முறையில், அடுத்த ஆண்டும் அளந்து எழுத வேண்டும் என்பதை மட்டுமே அவர்கள் கடமையாகக் கொண்டனர். அசையாத முதலாம் மாடி விளிம்பை ஆண்டுதோறும் அளந்து, மாற்றம் இல்லை என்று எழுதியவனின் உழைப்பு, அன்று வீண்வேலையாகவே தோன்றியிருக்கும். கோபுரத்தைக் காத்த உண்மைகளுள் அந்த ‘மாற்றம் இல்லை’ என்பதும் ஒன்று.

நில அளவைப் பயிற்சிக்காக மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரியும் மாணவன், ஆரம்பித்த புள்ளிக்கே திரும்பி வந்து கணக்கை மூடும்போது, ஓரிரு மில்லிமீற்றர் ஒவ்வாமையைச் சரிக்கட்ட ஏட்டில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட எண்ணுதல் இயல்பு. பீசாக் கோபுரம் ஓராண்டில் உச்சியில் அசைந்த தூரமும் அந்த ஒன்றரை மில்லிமீற்றரே. அதனை மாற்றி எழுதாது உள்ளபடி எழுதியவர்கள் இருந்தமையாலேயே, எழுபது எண்பது ஆண்டுகளின் பின்னர் வந்தோர் அக்கோபுரத்தைப் புரிந்துகொள்ள முடிந்தது. கட்டடங்கள் தம் நிலையைத் தாமே கூறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மொழி மிகத் தாழ்ந்த குரலில் ஒலிப்பது. அதனைக் கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே எழுதி, அடுத்த தலைமுறையிடம் கையளித்தலே அளவையாளனின் கடனாகும்.